எட்டு மணிக்குத் திறக்கும் கடல்

ஏழே முக்காலுக்கே போய் நின்றுவிட்டேன். சாலைக்குக் குறுக்கே ஒரு தடுப்புக்கட்டை, ஓரத்தில் சீட்டு கொடுக்கும் சின்னக் கூண்டு. உள்ளே இருந்த காவலாளி தேநீரில் சர்க்கரையைக் கலக்கியபடியே நிமிர்ந்து பார்த்தார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, எட்டு விரல்களை விரித்தார். எட்டு மணி. அதுவரை கடலுக்கு வழியில்லை.

வெயில் இன்னும் கிழக்கு மலையைத் தாண்டவில்லை. எங்கோ ஆட்டுக் கழுத்து மணி கேட்டது. என்னோடு காத்திருந்தவர்கள் இரண்டே பேர். செப்டம்பர் நடுவாகிவிட்டது. பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டதால் கூட்டமெல்லாம் ஊர் திரும்பிவிட்டது.

பத்தாரா, துருக்கியின் தென்மேற்கில் மத்தியதரைக் கடலோரம் இருக்கிறது. சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மணல். நான் நடந்த தூரம் வரை அந்த மணலை ஒட்டி ஒரு விடுதி இல்லை, ஒரு மாடிக் கட்டடம் இல்லை, ஒரு விளக்குக் கம்பம் இல்லை. ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில், அதாவது மே தொடங்கி இலையுதிர் காலம் வரை, இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை மனிதர் யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது.

அப்படி ஒரு கடற்கரையைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குச் சென்னையில்தான் பிறந்தது. பங்குனி ஆமைகள் வரும் மாதங்களில் பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். 1988 முதல் இது ஓர் அமைப்பாகவே நடந்து வருகிறது. அவர்களோடு ஓர் இரவு நடந்திருக்கிறேன். பொரிந்த குஞ்சு கடலை விட்டுவிட்டுச் சாலை விளக்கை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தேன். 2025 ஜனவரியில் அதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்தப் படங்களைப் பார்த்த வாரத்தில்தான், விளக்கே இல்லாத கடற்கரை ஒன்று எப்படி இருக்கும், அதை யார் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

பிதுங்கி வழியும் வண்டியில்

அந்தால்யா விமான நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கிழக்கே திரும்புகிறார்கள். அந்தப் பக்கம் லாரா, பெலெக் என்று வரிசையாக ஊர்கள். கரையை ஒட்டி விடுதி மேல் விடுதி. மாஸ்கோவின் கிரெம்ளின் மாளிகையைப் போலவே கட்டிய விடுதிகூட ஒன்று உண்டு. பெலெக்கும் ஆமைகள் முட்டையிடும் கரைதான், மத்தியதரைக் கடலிலேயே முக்கியமான கரைகளில் ஒன்று. அங்கே ஆமைக்கும் சாய்வு நாற்காலிக்கும் இடையே ஒவ்வொரு கோடையிலும் இடத் தகராறு.

நான் மேற்கே திரும்பினேன். மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிறது சாலை. ஃபினிகேயில் ஆரஞ்சுத் தோப்புகள், தெம்ரேயில் தக்காளி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். காஷ் என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து ‘தொல்முஷ்’ ஏறினேன். தொல்முஷ் என்றால் நிரம்பியது என்று பொருள். ஆள் நிரம்பினால்தான் நகரும் சிறு வண்டி. நம்முடைய ஷேர் ஆட்டோவுக்கு ஒரு பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மடியில் யாருடையதோ கத்தரிக்காய்ப் பை. இறங்குகிற வரை அந்தப் பையின் சொந்தக்காரர் யாரென்று எனக்குத் தெரியவேயில்லை. கேட்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

பெருஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைச் சாலை சில கிலோமீட்டரில் கெலெமிஷ் என்ற சிற்றூரில் கொண்டு விடுகிறது. நான்கைந்து உணவகங்கள், சில பலசரக்குக் கடைகள், வீட்டையே விடுதியாக்கிய ‘பன்சியோன்’கள். கடலைத் தேடினேன். கண்ணில் படவில்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பழைய நகரமே இருக்கிறது.

நான் தங்கிய வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் பூப்போட்ட துணி, இடுப்பில் மாவு படிந்த சமையல் துணி. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. பேத்திதான் சொல்லிக் கொடுத்தாள், “தெய்ஸே என்று கூப்பிடுங்கள்.” தெய்ஸே என்றால் அம்மாவுடைய அக்கா தங்கை. நம்மூர்க் கணக்கில் பெரியம்மா, சித்தி. முன்பின் தெரியாதவரையும் அண்ணன், அக்கா, சித்தப்பா என்று உறவு வைத்தே கூப்பிடும் ஊர் அது. வயதில் மூத்த பெண் ‘அப்லா’, மூத்த ஆண் ‘அபி’. தாயைக் கூப்பிடும் சொல்லைக் கேட்டபோது மட்டும் ஒரு கணம் திகைத்துப் போனேன். அவர்கள் அம்மாவை ‘அன்னே’ என்கிறார்கள். நம் ‘அன்னை’யைப் போல ஒலிப்பது தற்செயல்தான். ஆனால் பக்கத்து வீட்டுச் சிறுவன் தெருவிலிருந்து “அன்னே!” என்று கத்தும்போதெல்லாம் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

தெய்ஸே என்னை ‘கிஸம்’ என்றார். என் மகளே.

மணல் விழுங்கிய நகரம்

தடுப்புக்கட்டை தூக்கியதும் நடக்க ஆரம்பித்தேன். கடற்கரை தொல்லியல் வளாகத்துக்குள் இருப்பதால் அந்தச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். வலப்புறம் மூன்று வளைவுகளோடு ஒரு கல் வாயில் தனியாக நிற்கிறது. மெத்தியுஸ் மொதெஸ்துஸ் என்ற ரோமானிய ஆளுநரின் காலத்தில், சுமார் கி.பி. 100-ஆம் ஆண்டில் எழுந்தது. அதற்கு அடுத்து எங்கு பார்த்தாலும் கோரையும் நாணலும். நீர்க்கோழி ஒன்று கோரைக்குள் ஓடி மறைந்தது.

அந்தக் கோரைக்காடுதான் ஒரு காலத்தில் துறைமுகம். லிக்கியா என்ற நாட்டின் பெரிய துறைமுகம். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குப் பத்தாரா புதிய பெயர் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தில் பவுல் எருசலேமை நோக்கிப் போகும் வழியில் இங்கே வந்து வேறு கப்பல் ஏறுகிறார். கிறிஸ்துமஸ் தாத்தா என்று உலகம் கொண்டாடும் புனித நிக்கோலஸ் பிறந்த ஊரும் இதுதான் என்பது மரபு. பிறகு சாந்தோஸ் ஆறு கொண்டுவந்த வண்டலும், கடற்காற்று வாரி வந்த மணலும் துறைமுக வாயை அடைத்தன. கப்பல் நின்றது, வணிகம் நின்றது, சனங்கள் கிளம்பினார்கள். மணல் மட்டும் நிற்கவில்லை. அரங்கத்தின் படிகள் வரை ஏறி மூடியது.

அதைத் தோண்டி எடுக்கும் வேலை 1988-இல் தொடங்கியது. அந்தால்யாவில் உள்ள அக்தெனிஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஃபஹ்ரி இஷிக் தொடங்கி வைத்தார். மணலை அள்ள அள்ள ஊர் வெளியே வந்தது. அரங்கத்தின் மேடைச் சுவரில் ஒரு கல்வெட்டு. தந்தை தொடங்கிய மேடைக் கட்டடத்தைக் கி.பி. 147-இல் அர்ப்பணித்தவள் வெலியா புரோக்குலா என்ற மகள் என்கிறது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண் தன் பெயரைக் கல்லில் பதித்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தச் சுவரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

அரங்கத்துக்கு எதிரேதான் லிக்கியக் கூட்டமைப்பின் மன்றம். அரைவட்டப் படிகள், சுமார் 1,400 பேர் உட்காரலாம். துருக்கி நாடாளுமன்றமே செலவை ஏற்று, பழைய கற்களை எடுத்து அடுக்கிச் சீரமைத்து, 2012-இல் பணியை முடித்தது. ஏன் ஒரு நாடாளுமன்றம் இந்தப் பாழடைந்த கட்டடத்தின் மேல் இவ்வளவு அக்கறை காட்ட வேண்டும்?

காரணம் பழையது. லிக்கியாவில் 23 நகரங்கள் சேர்ந்து ஒரு கூட்டாட்சி நடத்தின என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதிவைத்திருக்கிறார். பெரிய நகரங்களுக்கு மூன்று வாக்கு, நடுத்தர நகரங்களுக்கு இரண்டு, சிறிய நகரங்களுக்கு ஒன்று. மூன்று வாக்கு பெற்ற ஆறு நகரங்களில் பத்தாராவும் ஒன்று. வாக்கு எந்த விகிதமோ, வரியும் பொறுப்பும் அதே விகிதம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோந்தெஸ்கியோ, நல்ல கூட்டாட்சிக்கு மாதிரி காட்டச் சொன்னால் லிக்கியாவைத்தான் காட்டுவேன் என்ற பொருளில் எழுதினார். அமெரிக்க அரசியலமைப்புக்காக வாதாடிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் ஒன்பதாவதில் அலெக்சாண்டர் ஹாமில்டன் அதை எடுத்துக் காட்டினார். எந்த மாநிலத்துக்கு எத்தனை தொகுதி, யார் எவ்வளவு வரி கொடுக்கிறார்கள் என்று நாம் இன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அதே கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் உட்கார்ந்த கல் படியில் நானும் உட்கார்ந்தேன். கல் குளிர்ந்திருந்தது. இரண்டு படிக்குக் கீழே ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

துறைமுக வாயின் அந்தப் பக்கம், மணற்குன்றுகளுக்கு நடுவே, ஒரு கலங்கரை விளக்கத்தின் கற்களும் மணலுக்கு அடியிலிருந்து கிடைத்தன. நீரோ மன்னன் ஆட்சியில், கி.பி. 64-65-இல், கடலோடிகளின் பாதுகாப்புக்காகக் கட்டியது என்று அதன் கல்வெட்டே சொல்கிறது. உலகில் எச்சங்களோடு நமக்குக் கிடைத்த கலங்கரை விளக்கங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அண்மை ஆண்டுகளில் அதன் கற்களையே கொண்டு மறுபடி எழுப்பும் வேலை நடந்திருக்கிறது. அன்றைக்கு ஆட்களைக் காப்பாற்ற இந்தக் கரையில் விளக்கு ஏற்றினார்கள். இன்றைக்கு ஆமைகளைக் காப்பாற்ற அதே கரையில் விளக்கை அணைத்து வைத்திருக்கிறார்கள். மணலில் நடக்கையில் மனம் இதையே சுற்றிச் சுற்றி வந்தது.

மணலில் ஓர் எழுத்து

சாலை முடிகிற இடத்திலிருந்து மரப்பலகைப் பாதை. அதன் கோடியில் ஒரே ஒரு சிற்றுண்டிக் கடை, கொஞ்சம் குடைகள். அதைத் தாண்டி இடமும் வலமும் திரும்பினால் மணல், மணல், மணல். மேற்கே கண் முடிகிற இடத்தில் மலை நீலமாகக் கரைந்து நின்றது. மனித உருவங்கள் மூன்று. மூன்றும் எறும்பளவு.

மணல் மாவாக இருக்கிறது. நம் தேரிக்காட்டு மணலின் சிவப்பு இல்லை; சலித்த கோதுமை ரவையின் நிறம். காலை ஒன்பது மணிக்கே உள்ளங்கால் சுட ஆரம்பித்துவிடும் என்று தெய்ஸே எச்சரித்திருந்தார். நீரோரமாக நடந்தேன்.

அரை மணி நேரம் நடந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். நீருக்கு இருபது முப்பதடி மேலே, மணலில் பதித்த ஒரு கம்பிக்கூண்டு. அதிலிருந்து கடலை நோக்கி விசிறி விரித்தாற்போல மெல்லிய கோடுகள். குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கோடும் என் இரண்டு விரல் அகலம்தான். இரு பக்கமும் மாறி மாறிச் சின்னச் சின்னக் காற்புள்ளிகள், நடுவே வயிறு உரசிய வழுவழுப்பான தடம். பொம்மை டிராக்டர் ஒன்று ஓடியதுபோல் இருந்தது. முந்தின இரவு பொரிந்த குஞ்சுகள் போன வழி. எண்ண முயன்றேன். கோட்டின் மேல் கோடு ஏறிக் குழம்பியதால் நாற்பதுக்கு மேல் முடியவில்லை.

ஒரு கோடு மட்டும் பிரிந்து வலப்பக்கம் போயிருந்தது. பின்னாலேயே போனேன். பத்தடி, பதினைந்தடி. அங்கே நண்டு வளை ஒன்று வாய் திறந்து கிடந்தது. கோடு அதோடு முடிந்தது.

இங்கே வருவது பெருந்தலை ஆமை. பெயருக்கேற்பத் தலை பெரிது. தாய் ஆமை இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் ஒரு முழத்துக்கும் மேல் ஆழமாகக் குழி தோண்டி, எண்பது, நூறு என்று முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பது மணலின் சூடு. ஏறத்தாழ ஐம்பது, அறுபது நாளில் பொரியும். ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதும் அந்தச் சூடுதான். சுமார் 29 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் கூடும், கீழே இறங்கினால் ஆண் குஞ்சுகள் கூடும். உலகம் சூடாகிக்கொண்டே போனால் ஆண் ஆமைகள் என்ன ஆவது என்ற கவலை ஆய்வாளர்களுக்கு இருக்கிறது.

குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மேலே வரும். மணல் குளிர்வதுதான் அவற்றுக்கு அடையாளம். வந்ததும் எந்தப் பக்கம் வானம் வெளுப்பாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கை வகுத்த கணக்கில் அது கடல். விண்மீன் ஒளி பட்டு நீர்ப்பரப்பு எப்போதும் நிலத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. அந்தக் கணக்கைக் கெடுக்க ஒரு விடுதி வராந்தாவின் விளக்கு போதும். பத்தாராவில் ஊர் உள்ளே தள்ளி, குன்றுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் வெளிச்சம் மணலுக்கு எட்டுவதில்லை. இந்தக் கரையில் ஆமைகள் பிழைத்திருக்க அதுவும் ஒரு காரணம்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனபோது தொப்பி போட்ட மாணவர்கள் மூவர் ஒரு குழியைச் சுற்றி மண்டியிட்டிருந்தார்கள். பொரிந்து சில நாள் ஆன கூடுகளைத் திறந்து கணக்கெடுப்பது வழக்கம். எட்டி நின்று பார்க்கலாம் என்று கை காட்டினார்கள். ஒரு பெண் தோள்வரை கையை உள்ளே விட்டு, ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் பத்துப் பத்தாக அடுக்கினாள். பிங்பாங் பந்து அளவு. கோழிமுட்டை ஓடு மாதிரி உடைவதில்லை. ஈரக் காகிதம் மாதிரி சுருண்டு கிடந்தன. எழுபதைத் தாண்டியபோது அவள் கை நின்றது. முகம் மாறியது. மெல்லக் கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு குஞ்சு.

மேலே வர முடியாமல் அடியிலேயே மாட்டிக்கொண்டது. கரும்பழுப்பு, புளியங்கொட்டை நிறம். முதுகில் மணல் ஒட்டியிருந்தது. செத்ததோ என்று நினைத்தேன். பிறகு ஒரு துடுப்பு அசைந்தது. நீரில் விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. ஈர மணலில், அலைக்குச் சில அடி முன்னால் வைத்துவிட்டு விலகி உட்கார்ந்தாள். “அதுவே நடக்கணும்,” என்றாள் ஆங்கிலத்தில்.

நடந்தது. நான்கு அடி எடுத்து வைக்கும், நிற்கும். தலையைத் தூக்கும். மறுபடி நான்கு அடி. முதல் அலை வந்து அதைப் புரட்டிப் பின்னால் தள்ளியது. மல்லாந்து கிடந்தபடி துடுப்பை ஆட்டியது. யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டாவது அலை அதை நேராக்கியது. மூன்றாவது அலை திரும்பும்போது மணலில் அது இல்லை.

அந்தப் பெண் குறிப்பேட்டில் எதையோ எழுதிவிட்டு மறுபடி குழிக்குள் கையை விட்டாள்.

மாடி கட்டாத வீடு

‘கை படாத கடற்கரை’ என்று பயண விளம்பரங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. பத்தாராவில் எத்தனையோ கைகள் பட்டிருக்கின்றன. காற்றில் நகரும் மணல் வயலையும் பழைய நகரத்தையும் மூடாமல் இருக்க, வனத்துறை வேல மர இனங்களை நட்டுக் குன்றுகளைக் கட்டிப் போட்டது. நரி தோண்டாமல் இருக்கக் கூட்டுக்கு மேல் கூண்டு வைத்த கை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், வேண்டாம் என்று தடுத்த கைகள் இருக்கின்றன.

அந்தத் தடுப்பு, துருக்கியில், இங்கிருந்து வடமேற்கே உள்ள தால்யானில் தொடங்கியது. அங்கே இஸ்துஸு என்றொரு கரை, நாலரைக் கிலோமீட்டர். ஜூன் ஹைமாஃப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அங்கே மணலிலேயே ஒரு மரக் குடிசை போட்டு வாழ்ந்தார். ஊரார் அவரைக் கேப்டன் ஜூன் என்றார்கள். 1987-இல் அந்தக் கரையில் பெரிய விடுதி கட்டும் வேலை தொடங்கியது. அவர் எதிர்த்தார். துருக்கி ஆய்வாளர்களும் வெளிநாட்டு இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்துகொண்டார்கள். உலகம் முழுக்கச் செய்தி போனது. அரசு வேலையை நிறுத்தியது. 1988-இல் அந்தப் பகுதி சிறப்புச் சூழல் பாதுகாப்புப் பகுதி ஆனது. ஜூன் ஹைமாஃப் 2022-இல் தமது 99-ஆவது வயதில் மறைந்தார். விடுதி இன்றுவரை எழவில்லை. அந்த வெற்றி திறந்த வழியில் 1990-இல் பத்தாராவும் பாதுகாப்புப் பகுதி ஆனது. தொல்லியல் சட்டம் ஒரு பக்கம், சூழல் சட்டம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து கரையை அணைத்துக்கொண்டன.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. மத்தியதரைக் கடலின் பெருந்தலை ஆமைகளை 2015-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மறுமதிப்பீடு செய்து, அழிவு அபாயம் குறைந்த வரிசையில் வைத்தது. கூடவே, இந்த நிலை பாதுகாப்பு தொடர்ந்தால்தான் நிற்கும் என்றும் எழுதியது. காவலை எடுத்துவிட்டால் பழைய கதைதான்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது யார்? அன்று மாலை தெய்ஸேயின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. அவர் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். நம் பூரிக்கட்டை மாதிரி தடியாக இல்லை; ஒல்லியான நீளக் கோல். அதில் மாவைச் சுற்றிச் சுற்றி உருட்டி, விரித்தால் அந்தப் பக்கம் இருக்கும் விரல் தெரிகிற அளவு மெலிசு. உள்ளே கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து, குவிந்த இரும்புச் சட்டியில் போட்டுத் திருப்பினார். கொஸ்லெமே. தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். குடிக்க உப்புப் போட்ட மோர். ஆயிரான் என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது. கறிவேப்பிலை மட்டும்தான் இல்லை.

பேத்தி மொழிபெயர்த்தாள். மகனுக்குக் கல்யாணமானபோது மேலே இரண்டு அறை எடுக்க நினைத்தார்களாம். பாதுகாப்புப் பகுதியில் நினைத்தபடி கட்ட முடியாது. அலைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பக்கத்து ஊரான கல்கானில் மலைச்சரிவெல்லாம் நீச்சல் குளம் வைத்த மாளிகைகள். அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் பணக்காரர்களாகிவிட்டார்கள். மகனும் அங்கேதான் சமையல் வேலைக்குப் போகிறான். கோடையில் இரவு வெகு நேரம் கழித்துத்தான் வீடு திரும்புவான்.

“கோபம் இல்லையா தெய்ஸே?”

கோலை நிறுத்தாமலே பதில் சொன்னார். பேத்தி கொஞ்சம் யோசித்து மொழிபெயர்த்தாள். “இருந்தது. மகன் வண்டியில் கிளம்பும்போதெல்லாம் இன்னும் வரும். ஆனால் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட கடல் சத்தம் இந்தப் பிள்ளைக்கும் கேட்கிறது.”

அழகான கரை ஒன்றைக் காப்பாற்றிய கதைகளில் ஆய்வாளரும் போராளியும் சட்டமும் வருவார்கள். மாடி கட்டாத வீட்டுக்காரர் வருவதில்லை. அவர் இழந்ததற்கு ஈடு செய்யாமல் பாதுகாப்பு என்ற சொல்லை அரசு பயன்படுத்துவது முழு நியாயம் இல்லை என்று நினைக்கிறேன். பத்தாராவுக்குப் போகிற எவரும் கல்கானில் அறை எடுத்துப் பகலில் வந்து குளித்துவிட்டுப் போகாமல், கெலெமிஷிலேயே தங்க வேண்டும். அந்த ஊர் அடுப்பில் வேகும் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். அதுதான் நம்மால் முடிந்த சிறு ஈடு.

போகிறவர்களுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். தலாமான் விமான நிலையம் அந்தால்யாவைவிடப் பக்கம். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் கூடும். மதியத்துக்கு மேல் காற்று பலமாகிவிடும். மணல் ஊசி மாதிரி காலில் குத்தும். கடல் நூறடிக்கு இடுப்பளவுதான், ஆனால் காற்று நாளில் அலை உள்ளே இழுக்கும். கடையோரக் குடைகளைத் தாண்டினால் கரையில் நிழல் கிடையாது. தண்ணீர் கொண்டுபோங்கள். காலிப் புட்டியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அலைகள் ஒதுக்கும் கோட்டில் நான் பார்த்தவற்றில் பாதி, கடல் எங்கிருந்தோ கொண்டுவந்த பிளாஸ்டிக் மூடிகளும் கயிற்றுத் துண்டுகளும். சட்டம் போட்டு விடுதியை நிறுத்தலாம். நீரோட்டத்தை எந்தச் சட்டம் நிறுத்தும்?

கடைசி நாள் மாலை மறுபடி போனேன். ஏழு மணிக்குக் காற்று அடங்கியிருந்தது. கழுத்தளவு நீரில் நின்று கரையைப் பார்த்தேன். குன்றுகளின் நிழல் மணலில் நீண்டுகொண்டே போனது. பின்னால் பழைய நகரத்தின் கற்கள் கொஞ்ச நேரம் சிவந்திருந்துவிட்டுச் சாம்பலாயின. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைக்காரர் நாற்காலிகளை அடுக்கினார். ஏழே முக்காலுக்குக் காவலாளி கரையோரமாக நடந்து வந்தார். காலையில் பார்த்த அதே ஆள். என்னைக் கண்டதும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, எட்டு விரல்களை விரித்தார்.

துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கைப்பேசி விளக்கைப் போடவில்லை. மரப்பலகைப் பாதை முடிந்து, மன்றத்தையும் அரங்கத்தையும் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. கோரைக்குள் தவளைகள். ஊர் வந்த பிறகுதான் முதல் விளக்கு. தெய்ஸே வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு தாளில் சுற்றிய மாதுளம்பழங்கள், நான்கு. மறுநாள் வண்டியில் தின்பதற்கு.

“பார்த்தாயா கிஸம்?”

“இல்லை தெய்ஸே. எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டேன்.”

“நல்லது,” என்று சொல்லி, வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார்.